நம் கிணற்றை நம் பிள்ளைகள் அளக்கட்டும்

(வலிகாமத்துக் கிராமமொன்றில் உயர்தர வகுப்பு மாணாக்கரும் பெற்றோரும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணவர் ஆராய்ச்சி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தீர்கள். ஆராய்ச்சி என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குழாயும் மனக்கண்முன் தோன்றுகின்றன. இன்று அவற்றைப்பற்றி அதிகம் பேசப்போவதில்லை. இம்மண்டபத்திற்குப் பின்னே, வாழைத்தோட்டத்தின் நடுவில், பன்னிரண்டடி அகலமுள்ள கிணறொன்று இருக்கின்றது. அக்கிணற்றைப்பற்றியே பேசவந்தோம். இவ்வூர்ப் பிள்ளைகள் ஐவர் அடுத்த ஓராண்டில் ஓர் ஆராய்ச்சி செய்வதாயின் அக்கிணற்றிலிருந்தே தொடங்கட்டும் என்று கேட்பது நம் நோக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் வற்றுவது. நமக்குக் கிடைப்பதெல்லாம் ஐப்பசி தொடக்கம் மார்கழிவரை பெய்யும் மழையே. அம்மழை செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அங்கே அது கட்டாந்தரைமேல் நிற்கவில்லை, உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி உயரத்திற்கு நன்னீர் நிற்குமாயின் கடல்மட்டத்தின் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்திற்கு நன்னீர் நிற்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஒருவரும், சற்றுப் பின்னர் சேர்மானியர் ஒருவரும் கணக்கிட்டுக் கூறினர். இக்கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மேலே ஓரடியை இறைத்துத் தாழ்த்தி, அப்படியே வைத்திருந்தால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி மேலேறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அக்காவல் நீங்கிற்று.

உவர் கீழேயிருந்து வருவது. மேலேயிருந்து வருவது வேறொன்று உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, நாக்கிற்குச் சுவையும் தெரியாது. நைத்திரேற்று என்பது அதன் பெயர்.

கமக்காரப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகின்றோம். யூரியா மூட்டையொன்று ஐம்பது கிலோ. அதில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு நைதரசன், அஃதாவது 23 கிலோ. மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் இதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. மண்துணிக்கைகள் நைத்திரேற்றைப் பற்றிப்பிடிப்பதில்லை. பயிர் உடனே உண்ணாததை மழையும் பாய்ச்சும் நீரும் கீழே கொண்டுபோகும். அவ்விருபத்து மூன்று கிலோவில் பத்திலொரு பங்குமட்டும் கசிந்தது என்று வைத்துக்கொள்வோம். அது 2.3 கிலோ நைதரசன். நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் 10 கிலோவுக்குச் சற்று மேல். குடிநீரில் லீற்றர் ஒன்றுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கின்றது. எனவே ஒரு மூட்டையின் பத்திலொரு பங்கு, சுத்தமான நீரில் இரண்டு இலட்சம் லீற்றரை அவ்வெல்லைக்குக் கொண்டுவந்துவிடும். பின்னாலுள்ள கிணற்றில் பத்தடி நீர் நிற்கும்போது அடங்குவது ஏறத்தாழ முப்பத்திரண்டாயிரம் லீற்றர். ஆகவே அப்படிப்பட்ட ஆறு கிணறுகள்!

இக்கணக்கைக் கேட்டவுடன் சிலர் கமக்காரரை நோக்கி விரல் நீட்டுவர். கொஞ்சம் பொறுங்கள். நைத்திரேற்று தோட்டத்திலிருந்து மாத்திரம் வருவதில்லை. வீட்டுக்கு வீடு வெட்டிய மலக்குழியிலிருந்தும் வரும், மாட்டுப்பட்டியிலிருந்தும் வரும். சுண்ணக்கல்லின்மேல் நெருக்கமாகக் குடியிருக்கும் ஊரில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று எத்தனை படித்த வீட்டார் அளந்து பார்த்திருக்கின்றனர்? நகரத்திலிருந்து வந்து கமக்காரனுக்குப் புத்தி சொல்வோர் முதலில் தம் வளவில் அளவுநாடாவைப் பிடித்துப் பார்க்கட்டும். எது எவ்வளவு என்று அளவாமல் குற்றஞ் சாட்டுவது ஆராய்ச்சி அன்று.

இவை புதிய செய்திகள் அல்ல. யாழ்ப்பாணக் கிணறுகளின் நைத்திரேற்றுப்பற்றி நம்மவரான அறிஞர்கள் 1983இலும் 1988இலும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டனர். அக்கட்டுரைகள் ஆங்கிலத்தில், அறிவியற் சஞ்சிகைகளில் வந்தன. நீரை அள்ளிக்கொடுத்த கமக்காரனின் படலைக்கு அவை வந்து சேரவில்லை. அந்த அறிஞர்களைக் குறைகூறுவது நம் எண்ணமன்று. அவர்கள் தம் கடமையைச் செய்தனர். இடையிலிருந்த நாம் செய்யவில்லை. அதன்பின் போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் பெயர்ந்தது. உயிரைக் காப்பதா, கிணற்றை அளப்பதா?

ஆயினும் அளவாமையின் விலையை நாம் பின்னர் கொடுத்தோம். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்துள்ளது என்ற கூக்குரல் எழுந்தபோது நடந்ததை நினைவுகூருங்கள். ஒரு குழு ஒன்று சொல்லிற்று. வேறொரு சாரார் அதனை மறுத்துரைத்தனர். குடிப்பதா விடுவதா என்று தாய்மார் தெருவில் நின்று கேட்டனர். 2019 ஏப்பிரிலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. நீதி கிடைத்தமை நன்று. அக்கிணறுகள் முன்னர் எப்படியிருந்தன என்பதற்கு ஊராரிடமே ஆண்டுவாரியாக எழுதிய பதிவேடு ஒன்று இருந்திருப்பின், அத்தனை காலம் தெருவில் நின்றிருக்க வேண்டியதில்லை அன்றோ?

இன்னுமொன்று. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்தது. அவ்வாண்டு நொவெம்பரில் பின்வாங்கிற்று. அந்தத் தடையால் கமக்காரர் பட்ட பாடு இங்கிருப்போருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் விஞ்ஞானக் கண்ணோடு பார்த்தால், ஒரு நாடு முழுவதும் ஒரே காலத்தில் பசளையைக் குறைத்தமை எந்த ஆராய்ச்சியாளனும் பணங்கொடுத்துச் செய்யமுடியாத பரிசோதனை. 2018, 2019, 2020ஆம் ஆண்டுகளில் ஊருக்குப் பத்துக் கிணறுகளைப் பாடசாலைப் பிள்ளைகள் தவறாது அளந்து எழுதி வைத்திருந்தால், கிணறு அதற்கு எவ்வாறு விடையளித்தது என்பதை அவர்களே படித்திருப்பர். துன்பத்தை அனுபவித்தோம், அதிலிருந்து அறியக்கூடியதை அறியாமல் விட்டோம்.

இனி, செயற்றிட்டம் என்பதைப்பற்றி.

நம் பாடசாலைகளில் செயற்றிட்டம் புதியதன்று. ஆனால் பெரும்பாலும் நடப்பது யாது? தலைப்பை ஆசிரியர் கொடுக்கின்றார். பிள்ளை கணினியிலிருந்து நாலு பக்கம் இறக்குகின்றது. தகப்பனார் அச்சடிப்பிக்கின்றார். அக்காள் மட்டையில் பூவேலை செய்கின்றாள். பரிசளிப்பு விழாவில் கைதட்டுகின்றோம். பின்பு அம்மட்டை ஆய்வுகூட அலுமாரியின்மேல் தூசு படிகின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது இதனையே.

நாமும் இக்குற்றத்திலிருந்து தப்பியவர் அல்லேம். பல ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்த நாம், முதன்முதல் ஒரு மாணவர் குழுவுக்கு வழிகாட்டியபோது வினாவையும் நாமே கொடுத்தோம். விடையையும் மறைமுகமாக நாமே சொல்லிவிட்டோம். அறிக்கையின் முடிவுரையில் ‘திருத்தம்’ என்ற பெயரால் நம் வசனங்களைப் புகுத்தினோம். போட்டியில் பரிசு கிடைத்தது. நடுவர் ஒருவர், “இந்தக் கிணற்றை ஏன் தெரிந்தெடுத்தாய்?” என்று கேட்டபோது அப்பிள்ளை நம் முகத்தைப் பார்த்தது. பரிசுக் கேடயத்தைவிட அந்தப் பார்வைதான் இன்றும் நம் நெஞ்சில் நிற்கின்றது.

வழிகாட்டி என்பவன் என்ன செய்ய வேண்டும்? வினா பிள்ளையிடமிருந்து வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இது சொல்வதற்கு எளிது. இரண்டாவது குழுவோடு நாம் மூன்று வாரம் கிணறு கிணறாக நடந்தோம், ஒன்றும் அளக்கவில்லை. சலிப்புத் தட்டியது. நாலாவது வாரம் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், தோட்டக் கிணத்திலை பாசி பிடிக்குது, கோயில் கிணத்திலை பிடிக்கேல்லை. ரெண்டும் ஒரே மழைதானே?” வினா வந்துவிட்டது! அதிலிருந்து நைத்திரேற்றுக்குப் போக இரண்டு நாளே பிடித்தன. பாசிக்கு வெயிலும் காரணமாகலாம், பசளையும் காரணமாகலாம் என்று தம்முள்ளேயே வாதாடினர். கோயிற் கிணறு மூடப்பட்டிருந்தது என்பதை நாம் சொல்லவில்லை. அவர்களே போய்ப் பார்த்து வந்து தலையைச் சொறிந்தனர்.

அடுத்தது போத்தல். சிரிக்காதீர்கள். ஆராய்ச்சி பெரும்பாலும் போத்தலிலேதான் கெடுகின்றது. ஒரு பையன் சோடாப் போத்தலைக் கொண்டுவந்தான்; இன்னொருவன் மருந்துப் போத்தல். கழுவிய சவர்க்காரத்தின் மீதியும் அளவைக் கெடுக்கும். எந்தக் கிணற்று நீரை எடுக்கின்றோமோ அந்நீராலேயே மூன்றுமுறை அலசவேண்டும். கிணற்று வாளியில் நேற்றுப் பசளை கரைத்திருந்தால் இன்று அளப்பது கிணற்றை அன்று, வாளியை. எடுத்த நீரைக் குளிரில் வைத்து அன்றைக்கே சோதிக்க வேண்டும். வைத்த நீரில் நுண்ணங்கிகள் தம் வேலையைத் தொடர்ந்து செய்யும். ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு மாதிரி எடுத்து, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கவேண்டும். வடித்த நீர் ஒரு போத்தலையும் இலக்கமிட்டு இடையிலே கலந்துவைப்போம். அதில் நைத்திரேற்று உண்டென்று பிள்ளை எழுதினால், அளவில் ஏதோ பிழையென்று அறியலாம்.

அளவுமுறைகளில் உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்திலேயே செய்யத்தக்கது குளோரைட்டு. பொற்றாசியங் குரோமேற்றைக் காட்டியாக இட்டு, அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விடும்போது, மஞ்சள் நிறம் மாறிச் செங்கபில நிறம் நிலைக்கும் கணம் ஒன்று உண்டு. அக்கணத்தைக் காணும் பிள்ளையின் கண்ணைப் பார்ப்பதற்கே ஆசிரியத் தொழில் செய்யலாம்! உவர் ஏறுகின்றதா என்பதைக் காட்ட அதுவும், கையடக்கமான மின்கடத்துதிறன் மானியும் போதும். நைத்திரேற்றுக்கு நிறம் மாறும் தாட்கீற்றுகள் உண்டு, அவை பருமட்டானவை. அவை ஐயத்தை எழுப்பப் போதும். தீர்ப்புச் சொல்லப் போதா. எல்லையை அண்டிய மாதிரிகளைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திற்கோ நீர்வழங்கற் சபையின் ஆய்வுகூடத்திற்கோ அனுப்பியே உறுதிப்படுத்தல் வேண்டும்.

இங்கே ஒரு பொறியைச் சுட்டிக்காட்டாமல் அப்பாற் செல்ல முடியாது. சில கட்டுரைகள் நைத்திரேற்றாகக் கணக்கிட்டு 50 என்பர். சில கட்டுரைகள் அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு 10 என்றோ 11 என்றோ எழுதும். இரண்டும் ஏறக்குறைய ஒரே எல்லைதான். இதனை அறியாத மாணவன் 30 என்ற நைத்திரேற்று அளவைப் பத்தோடு ஒப்பிட்டு, ‘மும்மடங்கு நஞ்சு!’ என்று எழுதிவிட்டால், ஓர் ஊரே வீணாகக் கலங்கும். பட்டம் பெற்றவர்களும் இப்பொறியில் விழக்கூடும்.

கிணறுகளைத் தெரிதலிலும் நேர்மை வேண்டும். கெட்டுப்போயிருக்கும் என்று நாம் எதிர்பார்க்கும் கிணறுகளை மட்டும் அளந்தால், எதிர்பார்த்ததே கிடைக்கும். தோட்டக் கிணறு, வளவுக் கிணறு, கோயிற் கிணறு, வயற்கரைக் கிணறு என்று கலந்தெடுக்க வேண்டும். வலிகாமம் வடக்கில் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளிலே, இருபது ஆண்டுக்கு மேல் ஒரு பிடி பசளையும் காணாத நிலத்தின் நடுவே கிணறுகள் உள்ளன. திரும்பிச் சென்றோர் இப்போது மீண்டும் தோட்டஞ் செய்கின்றனர். அக்கிணறுகளை முதல் விளைச்சலுக்கு முன்னும் பின்னும் அளப்பதைவிடச் சிறந்த ஒப்பீடு ஏது? நமக்கு இழைக்கப்பட்ட கொடுமை நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகவேனும் பயன்படட்டும் என்று கருதுகின்றோம்.

இப்போது, இன்றைய பேச்சில் நம் மனத்துக்கு மிகக் கடினமான பகுதிக்கு வருகின்றோம்.

அவ்விரண்டாவது குழுவினர் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் படலையில் மறித்தார். “என்ரை கிணத்துத் தண்ணி பழுது எண்டு நீங்கள் எழுதினால், என்ரை வெங்காயத்தை ஆர் வாங்குவினம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகள் திகைத்தனர். அன்று மாலை கூடிப்பேசி, கிணறுகளுக்குப் பெயர் எழுதுவதில்லை, இலக்கம் மட்டுமே எழுதுவது, எந்த இலக்கம் எவருடையது என்ற தாள் வழிகாட்டியின் பெட்டியில் மட்டும் இருப்பது, அளவு முதலில் கிணற்றுக்காரருக்கே சொல்லப்படும் என்று முடிவுசெய்தனர். அடுத்த சனிக்கிழமை அவரே துலாக்கால் அடியில் நின்று நீர் அள்ளிக்கொடுத்தார்.

அடுத்த வளவில் ஓர் இளந்தாய். கையில் மூன்று மாதக் குழந்தை. போத்தற் பால் குடிக்கும் குழந்தை. அவ்வீட்டுக் கிணற்று மாதிரியைச் சோதித்தபோது கீற்றின் நிறம் ஐம்பதைத் தாண்டிக் காட்டிற்று. மாணவி நம்மிடம் ஓடிவந்தாள். உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள்.

அவள் அவசரத்திற்குக் காரணம் உண்டு. நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்; உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் கொம்லி என்னும் மருத்துவர் கமங்களின் கிணற்று நீரையும் இந்நோயையும் தொடர்புபடுத்தி முதன்முதல் எழுதினார். இன்னுமொன்றைத் தாய்மார்கள் நன்றாகக் கேட்க வேண்டும்: நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீராவி போகப்போக மீதியிலே அது செறியும்.

இவையெல்லாம் நாம் அறிவோம். அறிந்தும் நாம் மாணவிக்குச் சொன்னது, “ஒரு கீற்றை நம்பி ஊரைக் கலக்கக் கூடாது, மாதிரியை அனுப்பி உறுதிசெய்த பிறகு சொல்வோம்” என்பதே. விஞ்ஞான முறைப்படி அது சரியான வார்த்தை. மூன்று நாள் கழித்து ஆய்வுகூட விடை வந்தது. கீற்று பொய் சொல்லவில்லை. நாமும் மாணவியும் அவ்வீட்டுக்குச் சென்று விளக்கினோம். அந்தத் தாய் கேட்டார்: “மூண்டு நாளைக்கு முன்னமே தெரியுமோ, சேர்?”

நாம் வாயெடுக்குமுன் மாணவி, “தெரியும் அக்கா” என்றாள்.

குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. மருத்துவரிடம் காட்டினர், வேறிடத்து நீர் எடுத்தனர். ஆனால் அந்த மூன்று நாளும் அக்குழந்தை அந்நீரையே குடித்தது. ஐயத்தை ஐயமாகவே சொல்லியிருக்கலாம். “இன்னும் நிச்சயமில்லை, ஆயினும் முடிவு தெரியும்வரை குழந்தைக்கு வேறு நீர் கொடுங்கள்” என்று சொல்ல நமக்கு என்ன தடை? நம் கௌரவம்தான் தடை. பிழையாகிப் போனால் ஊரார் சிரிப்பார்களே என்ற பயம். அதன்பின் நாம் வழிகாட்டும் எக்குழுவும் முதற் போத்தலை நிரப்புமுன் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுகின்றது: எந்த அளவு வந்தால், எவருக்கு, எத்தனை மணித்தியாலத்துள், எந்தச் சொற்களில் சொல்வது என்று. இத்தாளை நமக்குக் கற்பித்தவள் அந்த மாணவி.

பதிவேட்டைத் தமிழிலே எழுதுங்கள் என்று நாம் வற்புறுத்துவதற்கும் காரணம் இதுவே. தமிழில் விஞ்ஞானம் சொல்ல இயலுமா என்று இன்னும் கேட்போர் உளர். மானிப்பாயிலே கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1860களில் தமிழிலேயே மருத்துவ மாணாக்கரைப் பயிற்றினார், நூல்களையும் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் அன்று செய்ததை நாம் இன்று செய்யத் தயங்குவது வெட்கமன்றோ? கமக்காரனின் கையில் கொடுத்தால் அவன் படித்து, “இதிலை மாசி மாதம் பிழை, அப்ப நான் பட்டி அடைச்சிருந்தனான்” என்று திருத்தக்கூடிய பதிவேடே பதிவேடு. மேலே ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நாள் வரும்போது எழுதலாம்.

இங்கு கூடியுள்ள மருத்துவர், பொறியியலாளர், ஆசிரியர், கணக்காளர் ஆகியோருக்கு ஒரு சொல். இங்கிலாந்தில் றோதம்ஸ்தெட் என்னும் இடத்தில் லோஸ் என்ற நிலக்காரரும் கில்பேட் என்ற இரசாயனவியலாரும் 1843இல் ஒரு கோதுமை வயலைப் பாத்திகளாகப் பிரித்துப் பசளையிட்டு அளக்கத் தொடங்கினர். ஐம்பத்தேழு ஆண்டுகள் இருவரும் சேர்ந்து உழைத்தனர். வயலின் அடியிலிருந்து வடிந்த நீரையும் பிடித்துச் சோதித்து, மழை நைத்திரேற்றைக் கொண்டுபோவதைக் கண்டனர். அவ்வயலில் இன்றும் அளக்கின்றனர். கமக்காரனும் படித்தவனும் ஒரே வரம்பில் நின்றதனால் ஆகிய காரியம் அது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் கீலிங் என்பவர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. இப்போது 420ஐக் கடந்துவிட்டது. ஒரே இடத்தில், ஒரே முறையில், விடாமல் அளந்தார். உலகம் சூடேறுவதற்கு அந்த ஒரு கோடு சாட்சியாயிற்று. நம் ஊரில் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் தரக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று சுற்றிப் பாருங்கள்.

பெற்றோர் கேட்பது நம் காதில் விழுகின்றது: பிள்ளைக்குத் தனியார் வகுப்பு இருக்கின்றதே, சோதனை இருக்கின்றதே என்று. உண்மை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆறு மாதம் எவரையும் நாம் தொடமாட்டோம். அதற்குள் அடுத்த வகுப்பார் கயிற்றைக் கையேற்க வேண்டும். பதிவேடு பாடசாலையுடையது, பிள்ளையுடையது அன்று. பிள்ளை போகும், கிணறு இருக்கும்.

வேறு சிலர், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டுவிட்டதே, குழாய்நீர் வருகின்றதே, இனிக் கிணற்றை அளந்து என்ன பயன் என்கின்றனர். குடிக்கக் குழாய்நீர் வரட்டும், மகிழ்ச்சி. இரணைமடு நீரைப்பற்றிக் கிளிநொச்சிக் கமக்காரரும் நாமும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்த ஆண்டுகளை மறப்பதற்கு அது உதவுமாயின் இன்னும் மகிழ்ச்சி. ஆனால் வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் வாழைக்கும் குழாய்நீர் பாய்ச்சப்போகின்றோமா? குழாய் வந்த ஊரில் கிணற்றைக் குப்பைக்குழியாக்கும் வழக்கம் வேறு ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. கீழேயுள்ள நீர் ஒன்றே. என் வளவுக் குப்பை உன் வளவு நீர்.

முதல் அளவு மழைக்கு முன் எடுக்கப்பட வேண்டும். அடுத்தது தை பிறந்தபின். மூன்றாவது கோடை இறைப்பின் உச்சத்தில். ஆகவே புரட்டாதி முதற் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பின்னாலுள்ள கிணற்றடியில் தொடங்குகின்றோம். ஒவ்வொருவரும் மூடியுள்ள வெறும் போத்தல் இரண்டும், கொப்பி ஒன்றும், பென்சிலும் கொண்டுவரவும். பேனை மையை நீர் கரைக்கும். நீர்மட்டம் அளக்க முடிச்சிட்ட கயிறு நம்மிடம் உண்டு. கிணற்றுக்காரரிடம் நேற்றே கேட்டாயிற்று. படலையைத் திறந்துவைப்பதாகச் சொல்லியிருக்கின்றார். நாயைக் கட்டிவைப்பதாகவும் சொன்னார்.